அண்ணன் சொன்ன எண்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தண்ணீரைப் பீக்கரில் ஊற்றி, எலக்ட்ரோடை முக்கி, திரையில் எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருப்பது. இன்னொன்று, பெரியண்ணனுக்கு போன் போடுவது. இரண்டாவது வழி இருப்பதே வேலைக்குச் சேரும்போது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதெல்லாம் தெரிந்த குடும்பத்திலிருந்துதான் ஆட்கள் வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா சட்டைக் கம்பெனியில் செக்கர்.

பெரியண்ணன் என்றால் பக்கத்து நாட்டு ஆய்வகத்தின் தலைவர். எங்கள் வட்டாரத்தில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதில் பெரிய நாடு அவருடையது, பெரிய மெஷினும் அவருடையது. எங்கள் மெஷின் படுத்துவிட்டால் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போக வேண்டும். அதனால் மற்ற நாட்டு ஆய்வகத் தலைவர்கள் எல்லோருக்கும், அவரைவிட வயதில் மூத்தவருக்கும்கூட, அவர் அண்ணன்.

கூட்டமைப்பு எடுத்துக்கொண்ட வேலை நல்ல வேலை. ஐந்து நாடுகளிலும் அடிபம்புத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது. அது அளவு மீறினால் குழந்தைகளுக்குப் பல் பழுப்பாகும், பெரியவர்களுக்கு எலும்பு இறுகி முதுகு வளையும். முன்பெல்லாம் சந்தேகப்பட்ட தண்ணீரை விமானத்தில் ஏற்றி ஒரு பணக்கார நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வருவதற்குள் அந்தப் பம்புத் தண்ணீரில் ஒரு தலைமுறைக்குப் பல் முளைத்திருக்கும். அதற்குப் பதிலாக ஐந்து நாட்டு ஆட்களும் சேர்ந்து கையடக்கமாக ஒரு சோதனைப் பெட்டி செய்திருந்தார்கள். பம்படியிலேயே நாலு சொட்டு விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். பெட்டி சரியாகக் காட்டுகிறதா என்று சான்று கொடுக்க வேண்டியது எங்கள் ஆய்வகங்கள். அதற்கு முதலில் நாங்கள் ஒழுங்காக அளக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாடு, ஒரே தண்ணீரை நிரப்பிச் சீல் வைத்த பாட்டில்களை மற்ற நான்கு நாடுகளுக்கு அனுப்பும். நான்கு ஆய்வகங்களும் தனித்தனியாக அளந்து எண்ணை அனுப்ப வேண்டும். எண்கள் தேறினால் வேலை எங்கள் கையில். இல்லாவிட்டால் நிதி கொடுக்கிறவர்கள் சான்று வேலையைத் திரும்பவும் அந்தப் பணக்கார ஆய்வகத்துக்கே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வருடம் பாட்டில் அனுப்பியது ஐந்தில் சின்ன நாடு. அங்கே தலைவராக இருந்த அம்மாவுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் கறார் மேடம். மெயிலுக்கு மெயில், 'மெஷினில் வந்த எண்ணை அப்படியே அனுப்புங்கள்' என்று எழுதுவார்.

பாட்டில் என் மேஜைக்குத்தான் வந்தது. அளந்தேன். இரண்டு புள்ளி ஏழு. எலக்ட்ரோடை மாற்றினேன், மெஷினைச் சரிபார்க்கும் ஸ்டாண்டர்டு கரைசலைப் புதிதாகக் கலக்கினேன், பீக்கரைக்கூட மாற்றினேன். அதே இரண்டு புள்ளி ஏழு. குடிக்கலாம் என்கிற அளவு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். சந்தோஷமாக எங்கள் இயக்குநர் அறைக்குப் போனேன்.

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "அண்ணனுக்கு ஒன்னு புள்ளி நாலு வந்திருக்காம். மத்த ரெண்டு பேருக்கும் அதேதான். உனக்கு?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

"பீக்கர்ல ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்மா. ஒன்னு புள்ளி நாலுன்னு போட்டு எடுத்துட்டு வா."

"தண்ணி அப்படிச் சொல்லலையே சார்."

"தண்ணி பேசாது. நாமதான் பேசணும்."

நான் நகராமல் நின்றதைப் பார்த்து உட்காரச் சொன்னார். நிதானமாக விளக்கினார். பல வருடங்களுக்கு முன்னால் இதே போல ஒரு சுற்றில் அவர் மட்டும் தனியாக ஒரு எண்ணை அனுப்பினாராம். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். எங்களுக்கு வரவேண்டியிருந்த மெஷின் வேறு நாட்டுக்குப் போனதாம். அந்த எண் சரியா தவறா என்று இன்றுவரை தெரியாது என்றார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம் கேட்டார்:

"மூணு பேர் ஒரு பக்கம். நீ ஒரு பக்கம். அஞ்சு நாட்டு வேலையும் உன்னால கெடணுமா? அடுத்த மாசம் இன்டர்வியூ இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

பாவம் போன இடம் தெரியவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம் காலியாக இருந்தது. நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். எனக்குத்தான் கிடைக்கும் என்று அவரே பல தடவை சொல்லியிருந்தார்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் என் சீனியரைக் கூப்பிட்டார். சீனியருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் தலையாட்டி. அவரும் ஒப்பந்தத்தில் இருப்பவர். நல்ல மனிதர்தான், என் சார்ஜர் போனால் தன்னுடையதைக் கொடுப்பார், யாரையும் புறம் பேச மாட்டார். பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒன்று புள்ளி நாலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, "விடும்மா, ஒரு எண்ணுதானே" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னது தப்பு. அம்மா ஏற்கெனவே தெரு முழுக்க எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தாள். எதிர்வீட்டு அத்தை வந்து வாழ்த்திவிட்டே போயிருந்தாள். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். எவ்வளவு கழுவினாலும் அவர் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. திரும்பாமலே, மேலே இருப்பவரிடம் எதற்கு வம்பு என்றார். டிப்போவில் பிரேக் சரியில்லாத வண்டியை ஓட்டலாம் என்று மேலே இருப்பவர் சொன்னால் விடுவீர்களா என்று கேட்டேன். அது வேறு என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

அம்மாதான் நேராக வந்தாள்.

"நான் தினமும் என்னடி பண்றேன்? கோணத் தையலைப் பார்த்து ஓரமா வைக்கிறேன். சூப்பர்வைசர் வந்து கப்பல் கிளம்புதுன்னு கத்துறான். பாஸ் ஸ்டிக்கர ஒட்டுறேன். நீ படிச்சது எதுல, நான் ஒட்டுன ஸ்டிக்கர்லதான்."

"சட்டை கோணினா யாரும் சாகமாட்டாங்கம்மா."

"சாகமாட்டாங்க. அதனாலதான் ஒட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "தண்ணின்னா ஒட்டமாட்டேன்னு நினைச்சுக்காத. அப்பவும் ஒட்டுவேன். உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் வேற என்ன செய்வேன்" என்றாள்.

நான் உள்ளே போய்த் தட்டுகளை எடுத்து வைத்தேன். 

ஆண்டுக் கூட்டம் அந்தத் தடவை எங்கள் நிறுவனத்தில் நடந்தது. ஐந்து நாட்டுத் தலைவர்களும் வந்திருந்தார்கள். அளந்தவர்கள் யாரும் வரவில்லை. பயணச் செலவு தலைவர்களுக்கு மட்டும்தான். நான் அந்த ஊரிலேயே இருந்த பாவத்துக்கு மைக் கொடுக்கவும் கோப்பு பரப்பவும் போட்டார்கள். தலையாட்டியை ஏன் போடவில்லை என்று கேட்டேன். விருந்தாளிகளை வரவேற்க ஒரு பொண்ணு நின்றால் நன்றாயிருக்கும் என்றார்கள். நின்றேன். முகத்தை மட்டும் என் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டேன்.

கறார் மேடம் நான் நினைத்ததுபோல் உயரமாக இல்லை. பக்கத்தில் வைத்த மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுகிறவர். அந்த அறையில் பேசியதெல்லாம் யாருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில். எனக்குக் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

முதலில் நான்கு பேரையும் அவரவர் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பெரியண்ணன் ஒன்று புள்ளி நாலு என்றார். எங்கள் இயக்குநர் ஒன்று புள்ளி நாலு. ஆற்று நாட்டுத் தலைவர் ஒன்று புள்ளி நாலு. மலை நாட்டுத் தலைவர் ஒன்று புள்ளி நாலு என்று சொல்லி, மேஜையை லேசாகத் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டு முடியும்வரை மேடம் காத்திருந்தார்.

"நம்ம ஒத்துழைப்பு இவ்வளவு பலமா இருக்கும்னு நான் எதிர்பார்க்கல. ஏன்னா, நாலு பாட்டில்லயும் நான் ஊத்தினது வேற வேற தண்ணி."

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிப்பு தானாகவே நின்றுவிட்டது. மேடம் அடுத்துச் சொன்னது அப்படி. நான்கில் ஒரு எண் மட்டும் அந்தப் பாட்டிலுக்குச் சரி, அது பெரியண்ணனுடையது. மற்ற மூன்று ஆய்வகங்களுக்கும் அளக்கத் தெரியாது என்று அறிக்கை எழுதுவதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை. சான்று வேலை போகும், பெட்டி அலமாரிக்குப் போகும், பாட்டில்கள் பழையபடி விமானம் ஏறும்.

 முதலில் பேசியது பெரியண்ணன். மேடத்திடம் அல்ல, எங்கள் இயக்குநரிடம். நிஜமாகவே புரியாத முகத்தோடு கேட்டார்.

"உங்களுக்கு வேற வந்திருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

எங்கள் இயக்குநர் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "சொன்னா அடுத்த வருஷம் உங்க மெஷின்ல எங்க சாம்பிள் ஏறுமா அண்ணே?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் பாதி மன்னித்தேன். பாதிதான். ஏனென்றால் அதற்குப் பிறகும் அவர் எங்கள் எண்ணைச் சொல்லவில்லை. சொல்லுவார் என்று பார்த்தேன். மூன்று தலைவர்களும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, மாற்றி எழுதியவர்கள் என்று பெயர் வரக்கூடாது. அளக்கத் தெரியாதது யார்? நான். எழுதப்போகும் அறிக்கையில் முட்டாளாகப் போவது நான். இன்னும் இரண்டு நாடுகளில், என்ன நடக்கிறதென்றே தெரியாமல் பீக்கர் கழுவிக்கொண்டிருக்கும் இரண்டு பேர்.

நான் வாயைத் திறந்தால் சொந்த மண்டபத்தில், விருந்தாளிகள் முன்னால், என் இயக்குநரின் மானம் போகும். என் வேலையும் போகும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கையில் மைக் வேறு இருந்தது.

"எங்க பாட்டில்ல ரெண்டு புள்ளி ஏழு" என்றேன். "அளந்தது நான்தான். மீதித் தண்ணி ஃபிரிட்ஜ்ல இருக்கு. யார் வேணும்னாலும் வந்து அளக்கலாம்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை, எழுந்துவிட்டார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழ வேண்டியதாயிற்று. ஐந்து நாட்டு ஆராய்ச்சியும் என் பின்னால் படியிறங்கி, இரண்டு பேர் நின்றாலே முழங்கை இடிக்கும் எங்கள் அறைக்குள் வந்தது. கோட்டில் கறை படாமல் இருக்க பெரியண்ணன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். எலக்ட்ரோடை முக்க நான் கை நீட்டியபோது எங்கள் இயக்குநர், "தள்ளு" என்றார். அவரே முக்கினார்.  பழகிய கை. திரையில் எண் ஏறி, இறங்கி, ஆடி, நின்றது. இரண்டு புள்ளி ஏழு.

மேடம் தலையசைத்தார். "நான் ஊத்தினதும் அதுதான்."

எங்கள் இயக்குநர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, என் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நம்ம பொண்ணு. நாங்க சரியாத்தான் அளந்திருக்கோம். அவசரத்துல வேற எண் போயிடுச்சு."

நாங்களாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த பீக்கரை... வேண்டாம், அது நல்ல பீக்கர்.

அப்போதுதான் ஆற்று நாட்டுத் தலைவர் தொண்டையைச் செருமினார். தங்கள் ஆய்வகத்திலும் ஒரு பெண் ஏதோ வேறு எண் சொன்னதாக நினைவு என்றார். என்ன எண் என்று மேடம் கேட்டார். நினைவில்லை என்றார். அவளுக்கு நினைவிருக்கும், கூப்பிடுங்கள் என்றார் மேடம். ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பெண் தூக்கிலிடப் போகிறவர்களிடம் பேசுவதுபோல் மெல்லப் பேசினாள். முதலில் ஒன்று புள்ளி நாலுதான் என்றாள். உன் எண்ணைச் சொல்லம்மா என்று அவள் தலைவரே சொன்ன பிறகு, "மூணு புள்ளி மூணு சார். எதுக்கும் இருக்கட்டும்னு எட்டுத் தடவை அளந்தேன்" என்றாள். மேடம் தன் தாளைப் பார்த்து, சரியான எண் என்றார். போன் வைத்த பிறகு எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மேலே ஒரு பயந்தாங்கொள்ளி, கீழே ஒரு நேர்மையான ஆள். ஒவ்வொரு நாட்டிலும் இதே கதை. கீழே இருப்பவன் சரி, மேலே இருப்பவன் தப்பு. எனக்கு அப்படிக் கதை என்றால் பிடிக்கும்.

மலை நாட்டுக்குப் போன் போட்டார்கள். எடுத்தவர் ஓர் ஆள், குரலில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மாற்றுவதற்கு முன் வந்த எண் என்ன என்றதும், மறைக்காமல், "நாலு புள்ளி நாலு" என்றார்.

மேடம் நெற்றியைத் தடவினார். அந்தப் பாட்டிலில் இருந்தது புள்ளி ஆறு. சுத்தமான தண்ணீர் என்றார்.

 போனில் அவர் சொன்னார், "மாத்தி எழுதச் சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு மேடம். தப்பு என்மேலதான்னு தெரியும். எங்கன்னுதான் தெரியல."

மேடம் அறிக்கையை எழுதவில்லை. சுற்றைத் திரும்ப நடத்துவதாகவும், இனி எண்ணை அளந்தவர்களே நேராகத் தனக்கு அனுப்ப வேண்டும் என்றும் முடிவாயிற்று. மலை நாட்டின் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை அவர்களுக்கு உதவுவது எங்கள் ஆய்வகத்தின் பொறுப்பு. எங்கள் இயக்குநர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். பெரியண்ணன் என்னிடம் வந்து, தன் மெஷின் எங்கள் சாம்பிளுக்கு எப்போதும் திறந்தே இருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அதை யாரும் நம்பாமல் போனது எப்படி என்று அவருக்கு இன்னும் புரியவில்லை.

விருந்தாளிகள் போன மறுநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ கெட்டிக்காரி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொரு கூட்டத்துலயும் நீ எப்ப மைக்கப் புடிப்பியோன்னு பயந்துக்கிட்டு என்னால உட்கார முடியாது."

அந்தக் காலத்தில் அவர் தனியாக அனுப்பிய எண்ணை அவரிடமே நினைவுபடுத்தலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு ஒருத்தராவது வந்து மீதித் தண்ணீரை அளந்திருந்தால் இவர் இப்படி ஆகியிருக்க மாட்டார். கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும், அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

இன்டர்வியூவுக்குப் போனேன். நன்றாகவே பதில் சொன்னேன். பணியிடம் தலையாட்டிக்குக் கிடைத்தது. என் ஒப்பந்தம் அதோடு முடியும் என்றார்கள். எதிர்வீட்டு அத்தையிடம் அம்மாவே போய்ச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. திரும்பி வந்து, "உன்னை யாரு மைக்கக் கையில குடுத்து நிக்க வச்சது, அவனைச் சொல்லணும்" என்றாள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. மலை நாட்டு ஆளோடு தினமும் போனில் உட்கார்ந்தேன். அவர் அங்கே அளப்பார், நான் இங்கே அளப்பேன். எலக்ட்ரோடு சரி. மெஷின் சரி. ஸ்டாண்டர்டு கரைசல் வெளியே வாங்கியது, அளக்குமுன் தண்ணீரில் சேர்க்கிற பஃபர் கரைசல் கலந்தே பாக்கெட்டில் வருவது, அதுவும் சரி. அவர் பொறுமையான ஆள். நான் எரிந்து விழுந்தாலும், சரி தங்கச்சி, மறுபடி பார்க்கலாம் என்பார். இவரை நான் அந்த அறையில் ஒரு நிமிடம் கேவலமாக நினைத்தேன் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நேர்மையாகவே தப்பாக அளந்திருந்தார். அந்தத் தப்பையும் அண்ணன் எண் மூடிவைத்திருந்தது.

"சாம்பிளுக்குப் போடற பஃபர்?" என்று கேட்டேன்.

"அது நாங்களே கலக்குறது."

"எந்தத் தண்ணில?"

வடிநீர் எந்திரம் ரிப்பேராகிப் பல மாதங்கள் ஆயிற்றாம். பாகம் வரவில்லையாம். குழாய்த் தண்ணீரில்தான் கலக்குகிறார்களாம். மலையிலிருந்து வரும் ஊற்று நீர், கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார்.

"அந்தக் குழாய்த் தண்ணிய அளந்திருக்கீங்களா?"

"அதை எதுக்குத் தங்கச்சி? அது எங்க தண்ணி."

"இப்ப அளங்க. ஸ்டாண்டர்டோட இலவசமா வந்த பாக்கெட் பஃபர் உங்ககிட்ட ஒன்னு இருக்குமே, அதைப் போட்டு."

குழாய் திறக்கும் சத்தம், பீக்கர் வைக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எண் நிலைக்க இவ்வளவு நேரம் ஆகாது.

"மூணு புள்ளி எட்டு" என்றார்.

பஃபரும் சாம்பிளும் சரிக்குச் சரி ஊற்றுவது; சாம்பிளின் புள்ளி ஆறோடு சேர்த்தால் நாலு புள்ளி நாலு. கணக்கு இடிக்காமல் உட்கார்ந்தது. பிழை கிடைத்துவிட்டது. நான் வாய்விட்டுச் சொல்ல வந்தேன், அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டேன்.

"குவார்ட்டர்ஸ் முழுக்க இந்தக் குழாய்தான் தங்கச்சி. என் பொண்ணு பல்லுல ஒரு கறை இருக்கு. சரியா விளக்கலன்னு தினமும் திட்டுவேன்."

 இன்னொரு தடவை அளந்து பாருங்கள் என்றேன். அளந்தார். அதேதான்.

"டைரக்டர்கிட்ட சொல்லணும்" என்றார். "நம்பமாட்டார். இந்தக் குழாயைத் திறந்து வச்சதே அவர்தான்."

"பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சுக்குங்க. மெஷின் பக்கத்துக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க. அவரையே முக்கச் சொல்லுங்க."

"நீ வைக்காத. லைன்ல இரு."

போனை மேஜையில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்தார். செருப்புச் சத்தம், ஒரு கதவு, படிகள், யாரோ வணக்கம் சொல்வது எல்லாம் எனக்குக் கேட்டது. பிறகு நின்றார். கதவைத் தட்டினார்.